குழி நிரப்பு விழா

முள்ளிக்கரையில் சோழிகள் நடந்து வந்து கணக்குப் போடத் தொடங்கியது வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்த நேரத்தில் என்பதை அந்த ஊரில் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். அவை என்ன கணக்குப் போட்டன என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு திசையைப் பார்ப்பார்கள், ஏனென்றால் அது அப்படிப்பட்ட ஊர், கல்யாணத்துக்குப் போய்வந்தால் பந்தல் அலங்காரத்தை ஒரு வாரம் பேசும், மாப்பிள்ளை பெயரைக் கேட்டால் முழிக்கும்.

உள்ளே உயிர் இல்லாத வெற்றுச் சோழிகள்தான், முந்நூறு நானூறு இருக்கும், கழிமுகத்துச் சேற்றிலிருந்து வரிசையாக ஏறி, தூத்துக்குடிச் சாலையைக் குறுக்கே கடந்து, அதற்காக நிறுத்தப்பட்ட பேருந்தின் ஓட்டுநர் ஒரு பீடி பற்றவைத்து முடிக்கிற நேரத்துக்குள், பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால் அடிக்கல் நாட்டி மணல் பரப்பியதோடு நின்றுபோன கணினி நூலகத்துக்கான காலிமனையில் போய்ச் சேர்ந்தன. முதுகால் மணலைக் கெல்லி ஏழு வரிசைக் குழிகள் பறித்தன. பிறகு குழியிலிருந்து குழிக்கு நகர்ந்தும் திரும்பியும் காத்திருந்தும் உச்சிப்பொழுதுவரை என்னவோ செய்து, கடைசி வரிசையில் இருந்த மூன்று குழிகளில் ஒரு விடையை வைத்துவிட்டு ஓய்ந்தன. மாலையில் வந்த வழியே திரும்பிப் போயின. மறுநாள் முதல் மணிக்கு மறுபடி வந்தன, நேற்றைய விடையிலிருந்து இன்றைய கணக்கைத் தொடங்கின.

ஊர் திகைக்கவில்லை. உப்பளத்து வேலைக்குப் போனவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள், ஆசிரியர்கள் பிள்ளைகளை ஓரமாக நடக்கச் சொன்னார்கள், ஒரு புத்திசாலி பத்துப் பதினைந்தை அள்ளிச் சாவிக்கொத்தில் கோத்து விற்றான், அவை வாங்கியவர்களின் இடுப்பிலிருந்து அவிழ்ந்து மறுநாள் காலையே வேலைக்கு வந்துவிட்டதால் அந்த வியாபாரம் படுத்தது.

அந்தக் குழிகளை முதலில் கவனித்துப் பார்த்தவள் அமலோற்பவம், ஊராருக்கு அமலி, நாற்பத்தேழு வயது, உப்பளத்து மதகைத் திறந்து மூடுகிற வேலை. கடல் ஏறும்போது பாத்திகளுக்கு வேண்டிய அளவு தண்ணீரை விட்டு, ஏறிப் போகிறதற்குள் பலகையை இறக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாள் அவள் மதகைத் திறந்து வைத்திருந்தபோது, யாரும் நினைக்காத நேரத்தில் யாரும் நினைக்காத உயரத்துக்குக் கடல் ஏறியது. பலகையை இறக்க ஓடிய அவள் புருஷன் சூசையும், கரைக்குக் கீழே இருக்கிற கீழக்குடியில் மூன்று பேரும் அன்றைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தப்பு உன்னுடையதல்ல என்று சொல்லாதவர்கள் இல்லை, ஆனால் அதை நம்பாதவள் ஒருத்தி இருந்தாள், அது அவள்தான். கீழக்குடியின் முப்பத்தோரு வீட்டிலும் நூற்று முப்பத்தேழு பேர் உறங்குவது தன் கையில் இருக்கிற பலகையை நம்பித்தான் என்ற நினைப்பு அவளைச் சோறு தின்னும்போதும் விடாது. அதனால் மதகுக் கம்பத்தில் ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஏறிய உயரத்தை முழமும் விரலுமாகக் கீறி வைப்பாள்.

நாலாவது நாள், வேலைக்குப் போகிற வழியில் நின்று பார்த்தவளுக்குக் கடைசி வரிசையின் முதல் குழியில் இரண்டு சோழி, இரண்டாவதில் ஏழு, மூன்றாவதில் பதினாறு தெரிந்தது. அடுத்த நாள் மதகுக் கம்பத்தில் தண்ணீர் இரண்டு முழம் ஏழு விரலுக்கு ஏறியது. மணி பார்த்தாள், பொழுது விடிந்ததிலிருந்து ஆறு மணி நேரமும் இருபத்துநாலு நிமிடமும் ஆகியிருந்தது. கைவிரலில் வகுத்தாள்: நாழிகைக்கு இருபத்துநாலு நிமிடம், பதினாறு நாழிகை. அவள் அப்படியே கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள், ஏனென்றால் நாளைக்கு எவ்வளவு, எப்போது என்று சொல்ல உலகத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது, அது ஒன்பது ஆண்டு தாமதமாக வந்திருக்கிறது.

அதற்குப்பின் அவள் தினமும் முதல் மணிக்கு முன்பே காலிமனைக்குப் போய்க் குந்தினாள். நகர்வுகளை ஜெபமாலை மணியில் எண்ணி எண்ணி மனதில் ஏற்றினாள். மேல் வரிசைகளில் வலப்பக்கக் குழியில் பத்து சேர்ந்தால் ஒன்பது வெளியே போய்விடும், ஒன்று மட்டும் இடப்பக்கத்துக் குழிக்குப் போகும், வலப்பக்கக் குழி வெறுமையாக நிற்கும். அந்த வெறுமைதான் முதலில் அவளைக் குழப்பியது. பிறகு ஒரு நாள் கடைசி வரிசையின் நடுக்குழி காலியாக இருந்தது, மறுநாள் தண்ணீர் சரியாக மூன்று முழத்தில் நின்றது, விரல் கணக்கே இல்லை. ஒன்றுமில்லை என்று சொல்லவும் ஒரு குழி வேண்டும், அதை யாரும் தொடக்கூடாது என்று அன்றைக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஊருக்குப் புரிந்தது வேறு. ஆடி மாதத்தில் சைக்கிளில் வந்த ஒரு வெளிநாட்டுப் பெண் சோழிகளைப் படம் பிடித்துப் போட்டாள், அதை அவள் ஊர்க்காரர்கள் லட்சக்கணக்கில் பார்த்தார்கள், அந்தச் செய்தி நம்முடைய தொலைக்காட்சியில் வந்தது. அப்போதுதான் இரண்டு மாதமாகத் தன் வாசலில் நடந்துகொண்டிருந்த அதிசயம் முள்ளிக்கரைக்குத் தெரிந்தது. வெள்ளைத்தோல் மோந்து பார்த்துச் சொன்னால்தான் நம் வீட்டுக் குழம்பு நமக்கு மணக்கும்.

ஒரே வாரத்தில் முன்னோர் பெருமை மன்றம் பிறந்தது. தலைவர் சித்திரபுத்திரன், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஊர் அவரைச் சார்வாள் என்று கூப்பிடும். முப்பத்துமூன்று ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியவர், அவரிடம் படித்த எவனுக்கும் பின்னம் வராது. கணினியைக் கண்டுபிடித்தது முள்ளிக்கரை என்று காலிமனை வாசலில் வளைவு எழுந்தது. உள்ளே எந்த நாளும் மாலை ஆறு மணிக்குச் சொற்பொழிவு. வெள்ளைக்காரன் விரலை எண்ணத் தெரியாமல் இருந்த காலத்தில் நாம் என்று தொடங்கி, அதே வாக்கியத்தில் முடியும். சோழிகளுக்குப் பின்னால் ஒரு பழங்காலத்துக் கணக்கர் இருந்தாக வேண்டும் என்று யாரோ சொல்ல, மூன்று சங்கங்கள் அவர் எங்கள் ஆள் என்று சுவரொட்டி ஒட்டின. மூன்றிலும் ஒரே ஓவியன் வரைந்த ஒரே முகம், நெற்றி மட்டும் வேறு வேறு.

பேருந்து நிலையத்தில் இணைய மையம் வைத்திருந்த சேகனா லெப்பைக்கு மட்டும் படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. அவர் ஒரு நாள் கூட்டத்தில் எழுந்து, இருநூறு ஆண்டுக்கு முன்பு புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழி பரப்பி, பேனாவோ தாளோ இல்லாமல், மனப்பாடமாக இருந்த கணக்கு வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததையும், பக்கத்தில் இருந்து பார்த்த வெள்ளைக்கார ராணுவ அதிகாரி ஒருவர் அதை எழுதி வைத்ததையும், கிரகணம் பிடிக்கத் தொடங்கிய நேரம் நாலே நிமிடம்தான் பிசகியது என்பதையும் சொன்னார். கூட்டம் கைதட்டியது.

"அவரு பேரையும் அந்த அதிகாரி எழுதியிருக்காரு. இங்ஙன யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார் லெப்பை.

தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் கேட்கவில்லை.

"அவரு கணக்கு ஒன்னும் மொட்டையா வந்துரல சார்வாள். அந்த வாக்கியம் மலையாளக் கரையிலயும் உண்டு. அதுக்குள்ள கிரேக்கத்துக் கணக்கும் கொஞ்சம் கிடக்குன்னு சொல்லுதாவ. நம்ம எண்ணு பாக்தாதுக்குப் போயி, அங்ஙன ஒரு பெரியவரு அதுக்குப் புஸ்தகம் எழுதித்தான் ஐரோப்பாவுக்கே போச்சு. இன்னைக்கு கம்ப்யூட்டர்காரன் அல்காரிதம்னு சொல்லுதானே, அது அவரு பேரு தேஞ்சு வந்ததுதான்."

நம்ம எண் என்ற இடத்தில் கைதட்டத் தூக்கிய கைகள் பாக்தாத் என்ற இடத்தில் அந்தரத்தில் நின்றன. சார்வாள் தொண்டையைச் செருமினார்.

"லெப்பை, குடுத்தது நாம. நடுவுல யாரு சொமந்துட்டுப் போனாங்கிறது முக்கியமில்ல."

"சொமந்தவன்தான் சார்வாள் வழியில சேத்து வச்சான்" என்றார் லெப்பை. அவருடைய நாற்காலி அடுத்த கூட்டத்திலிருந்து போடப்படவில்லை.

இதெல்லாம் நடந்தும் சோழிகள் தம் பாட்டுக்குச் சரியாகவே கணக்குப் போட்டன, ஆவணி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை வரை. அன்றைக்கு மன்றத்தின் பெரிய கூட்டம். சார்வாள் மாலையும் கழுத்துமாகக் குழிகளைச் சுற்றி வந்தவர், நடுவரிசையில் இரண்டு குழிகள் காலியாகக் கிடப்பதைப் பார்த்தார். முள்ளிக்கரை நூறு ரூபாய் மொய் எழுதக் கைவராத ஊர். நூற்றொன்றுதான், பின்னால் வெறுமை நிற்கக் கூடாது. மங்கல காரியத்தில் இப்படிச் சூனியமாகக் கிடக்கலாமா என்று சொல்லி, வீட்டில் தாயம் ஆடுகிற சோழியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் குழிக்கு ஒன்றாக வைத்தார். கூட்டம் உருகிவிட்டது. ஆளுக்கொரு சோழி வாங்கிவந்து காலிக்குழியாகப் பார்த்துப் போட்டார்கள், மஞ்சள் தடவிப் போட்டார்கள், பிள்ளை வரம் கேட்டுப் போட்டார்கள், பரீட்சை எண்ணை எழுதிப் போட்டார்கள். அது தினப்படி வழக்கமாகி, குழி நிரப்பு விழா என்று பெயரும் பெற்றது.

மூன்றாம் நாளே கடைசி வரிசை சொன்னதும் மதகுக் கம்பம் சொன்னதும் பொருந்தவில்லை. அமலி வேலை உடையோடு, காலில் உப்புப் பூத்த சேற்றோடு, சார்வாளின் முன்னால் போய் நின்றாள்.

"சார்வாள், அந்தக் குழியில யாரும் ஒன்னும் போட வேண்டாம்னு சொல்லுங்க. அது சும்மா கிடக்கல. ஒன்னுமில்லன்னு சொல்லுதுக்காக இருக்க எடம். அதுல ஒன்னப் போட்டா பத்தும் நூறுமா மாறிப்போவுது. கணக்குப் பூரா கெட்டுப்போச்சு."

"ஏ அமலி, பூஜ்யத்தப் பத்தி எனக்கே பாடம் நடத்துதியா? பூஜ்யத்த உலகத்துக்குக் குடுத்ததே நாமதான்."

"குடுத்துட்டீய. அதான் இப்ப ஒங்ககிட்ட இல்ல" என்றாள் அமலி.

சுற்றி நின்ற இரண்டொருவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். சார்வாளுக்கு முகம் கறுத்தது. மதகுப் பலகை இறக்குகிறவள் கணிதம் பேசுகிற காலம் வந்துவிட்டது என்று அன்றைய சொற்பொழிவில் பெயர் சொல்லாமல் அரைமணி நேரம் பேசினார். எங்கப்பன் நெய் சாப்பிட்டான், என் கையை மோந்து பார் என்கிற கூட்டத்திடம் போய்க் கையைக் கழுவச் சொன்னால் கோபம் வரத்தானே செய்யும்.

சோழிகள் எட்டு நாள் பாடுபட்டன. வேண்டாத பாரத்தை வெளியே தள்ளப் பார்த்தன, தள்ளத் தள்ள அள்ளிப் போட்டார்கள். ஒன்பதாம் நாளிலிருந்து கடைசி வரிசையில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று வைத்துவிட்டு அசையாமல் படுத்துவிட்டன. எல்லாம் ஒன்று என்ற தத்துவத்தைச் சோழிகள் சொல்லிவிட்டன என்று மன்றம் அதற்கும் ஒரு கூட்டம் போட்டது.

அமலிக்கு இரண்டு நாள் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மூன்றாம் நாள் கோபம் வந்தது, கோபம் வந்தபின் அவளுக்கு எப்போதும் புத்தி தெளியும். கடற்கரையில் சோழி பொறுக்கிவந்து தன் வீட்டு முற்றத்தில் ஏழு வரிசைக் குழி பறித்தாள். கெடுவதற்கு முன்னால் வந்த கடைசிச் சரியான விடையை வைத்து, ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து தொடங்கினாள். அவளுடைய சோழிகள் நடக்கவில்லை. ஒவ்வொன்றையும் விரலால் தள்ள வேண்டியிருந்தது, தப்பினால் முதலிலிருந்து. முதல் வாரம் நாலு விரல் பிசகியது, அடுத்த வாரம் இரண்டு, பிறகு பிசகவில்லை. புதுச்சேரிக்காரரும் இப்படித்தானே தள்ளியிருப்பார் என்று ஒரு நாள் வந்து பார்த்த லெப்பை சொன்னபோது, அவருக்கு இடுப்பு வலித்திருக்கும் என்றாள் அவள்.

புரட்டாசியில், மகாளய அமாவாசைக்கு ஐந்து நாள் முன்னால், அவள் நாளுக்கு நாள் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே போய் அமாவாசையில் வந்து நின்றாள். முதல் குழியில் ஐந்து. நடுக்குழி காலி. மூன்றாவதில் இருபத்தொன்று. மூன்று முறை திரும்பப் போட்டாள், மூன்று முறையும் அதுவேதான். உப்பளத்துக் கரையின் உயரம் நாலு முழம். அமாவாசையன்று இருபத்தோரு நாழிகைக்கு, பகல் இரண்டரை மணிக்கு, கடல் கரையைத் தாண்டிக் கீழக்குடிக்குள் இறங்கும், மதகை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான்.

அமாவாசையன்று பகல் இரண்டு மணிக்குத்தான் முன்னோர் பெருமை மாநாடு. ஊரில் அத்தனை பேர் உட்காரக் கீழக்குடியை ஒட்டிய உப்புக் களத்தை விட்டால் வேறு சமதரை கிடையாது, மேடை அங்கே எழும்பிவிட்டது, மூவாயிரம் நாற்காலி வந்துவிட்டது. கீழக்குடிக்காரர்கள் எல்லோரும் முதல் வரிசைக்குப் பின்னால் நின்று கைதட்ட வேண்டும் என்று தலைக்கொரு சோற்றுப் பொட்டலமும் பேசியாகிவிட்டது. அமலி சார்வாளிடம் மறுபடியும் போனாள். அவர் காலிமனைப் பக்கம் கையைக் காட்டினார்.

"சோழி ஒரு முழம்னு சொல்லுது. நம்ம முன்னோர் சொல்லுதாங்க. நீ அஞ்சு முழம்னு சொல்லுத. யாரு சொல்லக் கேக்கணும் நான்?"

"ஒங்க முன்னோர் சரியாத்தான் சொன்னாவ சார்வாள். நீங்கதான் வாயில துணிய வச்சு அடச்சிட்டீய."

அதற்குமேல் அங்கே நின்று பயனில்லை என்று அவள் கீழக்குடிக்கு நடந்தாள், வீடுவீடாக ஏறி இறங்கினாள். ஒன்பது ஆண்டுக்கு முன் நான் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன், அமாவாசையன்று உச்சிப்பொழுதில் மாதா கோயில் மேட்டுக்கு ஏறிவிடுங்கள், ஆட்டையும் அடுப்பையும் தூக்கிக்கொள்ளுங்கள், சோற்றுப் பொட்டலத்துக்கு ஆசைப்பட்டு நின்றவர்களை நான் மன்னிக்கமாட்டேன் என்றாள். அவர்கள் கணக்கை நம்பவில்லை, அவள் முகத்தை நம்பினார்கள். சிலர் அதையும் நம்பாமல் பார்ப்போம் என்றார்கள்.

அமாவாசையன்று வானம் துடைத்த மாதிரி இருந்தது. அமலி மதகுப் பலகையை இறக்கி ஆணியடித்துவிட்டு மாதா கோயில் மேட்டுக்கு வந்து, மணலில் இரண்டு குழி பறித்தாள். இடப்பக்கக் குழியில் நூற்று முப்பத்தேழு சோழி போட்டாள், அது இன்னும் ஏறிவராதவர்கள். ஓர் ஆள் மேட்டுக்கு வந்ததும் ஒரு சோழியை எடுத்து வலப்பக்கக் குழிக்கு மாற்றினாள். உச்சிக்குள் தொண்ணூறு மாறியது. களத்திலிருந்து ஒலிபெருக்கி மூவாயிரம் ஆண்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க, சோற்றுப் பொட்டலம் வாங்கியவர்கள் வாங்கிய கையோடு ஏறி வந்தார்கள். இரண்டேகால் மணிக்கு இடப்பக்கக் குழியில் ஆறு பாக்கி.

இரண்டரைக்குக் கடல் கரையைத் தாண்டியது. அலையில்லை, இரைச்சலில்லை, பாலை அடுப்பில் மறந்துவிட்டால் பொங்குமே அப்படிப் பொங்கி இறங்கியது. சிறப்பு விருந்தினர் ஆரியம் திராவிடம் அணுகுண்டு எல்லாம் தொட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது மூவாயிரம் பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரே நேரத்தில் எழுந்து மிதந்தன. அவற்றில் உட்கார்ந்திருந்த மேல்தெருக்காரர்களுக்கு ஓட வழி இருந்தது, சாலைப் பக்கம் மேடு, முழங்கால் நனைந்து வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். சிறப்பு விருந்தினரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். கீழக்குடியின் முப்பத்தோரு வீடும் கூரைவரை முழுகின, அந்த ஆண்டு வாரிக் குவித்த உப்பெல்லாம் வந்த இடத்துக்கே கரைந்து போயிற்று. காலிமனையில் படுத்திருந்த சோழிகளையும், சாலைக்கு அடியில் போகிற ஓடை வழியாக ஏறிய தண்ணீர் கூட்டிக்கொண்டு போய்விட்டது, அவை பிறகு வரவேயில்லை. பிற்பாடு மன்றம் அந்தக் குழிகள் ஒவ்வொன்றையும் சிமெண்டால் நிரப்பி மட்டப்படுத்தி, வெள்ளத்தை முன்கூட்டியே சொன்ன நம் முன்னோர் என்று மேலே பலகை பதித்ததை இப்போதும் பார்க்கலாம்.

அன்றைக்கு மேட்டில் அமலி மதகுப் பலகையைப் பற்றியெல்லாம் நினைக்கவில்லை. குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று. அந்த ஒன்று நின்றது. யார் என்று ஆளுக்காள் கேட்டார்கள், வீடுவீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், தேவசகாயம் கிழவனார்தான் இல்லை என்று தெரிந்தது. ஒரு சோழி, ஒரே ஒரு சோழி, அதைப் பார்க்கப் பார்க்க அமலிக்குச் சூசை பலகையை நோக்கி ஓடிய முதுகு தெரிந்தது. ஏறத்தாழ மூன்று மணிக்குக் கிழவனார் கழுத்தளவு தண்ணீரில் தலையில் ஒரு வெள்ளாட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு, ஆட்டை ஏசியபடி மேடேறி வந்தார். அமலி அந்தச் சோழியை எடுத்து மாற்றினாள். பிறகு இடப்பக்கக் குழியில் ஒன்றுமில்லை. ஜனங்கள் வந்து வந்து அந்தக் காலிக்குழியை எட்டிப் பார்த்தார்கள், சில பெண்கள் அழுதார்கள்.

சாலைப் பக்கம் போக முடியாமல் கடைசியாக மேட்டுக்கு வந்து சேர்ந்தவர் சார்வாள். மாலை கழுத்தில் நார்நாராகத் தொங்கியது, ஒரு செருப்பு இல்லை. கூட்டம் எதைச் சுற்றி நிற்கிறது என்று விலக்கிக்கொண்டு வந்து பார்த்தார். ஒரு குழி நிறையச் சோழி, ஒரு குழி வெறுமை. அவர் ஒன்றும் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை, ஒரு மாதத்துப் பழக்கம், குனிந்தார், கை தானாக நிறைந்த குழியிலிருந்து ஒரு சோழியை எடுத்து மற்றதற்குக் கொண்டுபோயிற்று.

அமலி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மதகுப் பலகை தூக்குகிற கை, அவரால் அசைக்க முடியவில்லை.

"கைய எடுங்க சார்வாள். அந்தக் குழி செத்தவுகளுக்கு."